தோமொ, தொமே, தொமாப: ஸ்பானிஷ் வினைச்சொல் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்பானிஷ் படிப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வினைச்சொல்லைப் பற்றித்தான். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

பதில்களுக்குள் போவதற்கு முன் ஓர் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் ஒரே வினையை வைத்துக்கொள்கிறேன்: தொமார். எடுத்தல், குடித்தல், மருந்து சாப்பிடுதல், பஸ் பிடித்தல் எல்லாவற்றுக்கும் ஓடும் சொல். ஒழுங்கான வினை, எந்த இடத்திலும் சண்டித்தனம் செய்யாது. ஸ்பானிஷில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பது உயிர் போகிற விஷயம், அதனால் அழுத்தம் விழும் இடத்தை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதுகிறேன். இடையில் வரும் ப, 'கோபம்' என்பதில் வரும் ப. இடையில் வரும் த, 'காதல்' என்பதில் வரும் த. அவ்வளவுதான்.

கேள்வி: அலுவலகத்தில் மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்காக ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரே வினைக்கு நூற்றுக்கும் மேல் வடிவங்கள் போட்டிருக்கிறது. இது 'ஒழுங்கான' வினையாம்! எங்கிருந்து தொடங்குவது?
— மென்பொருள் ஊழியர், கோவை

பதில்: அட்டவணையின் கணக்கு சரிதான். 16 காலங்கள், ஒவ்வொன்றிலும் 6 வடிவங்கள், அப்புறம் ஏவல், எச்சங்கள் என்று சேர்த்தால் நூறைத் தாண்டும். ஆனால் அந்த 16-இல் 8 கூட்டுக் காலங்கள். அவற்றில் தொமார் அசையவே அசையாது, 'தொமாதொ' என்று ஒரே மாதிரி நிற்கும், முன்னால் வரும் துணைவினைதான் திரியும். மீதி 8-இல் ஒன்று சட்டப் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆக நீங்கள் உண்மையில் கற்க வேண்டியது 7 எளிய காலங்களும் ஒரு துணைவினையும்.

அந்த ஏழையும்கூட வரி வரியாக மனப்பாடம் செய்யாதீர்கள். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள், பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்து எழுதிப் பரீட்சையில் மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள், அதற்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. 'தொமாபமொஸ்' (நாங்கள் குடிப்போம், அதாவது அந்தக் காலத்தில்) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'தொம்' பகுதி, 'ஆப' இறந்தகாலத்தைக் காட்டும் இடைநிலை, 'மொஸ்' விகுதி. எந்தக் காலமானாலும் கடைசியில் மொஸ் இருந்தால் அது நாங்கள் அல்லது நாம் (ஸ்பானிஷில் அந்த வித்தியாசம் கிடையாது). கடைசியில் ன் இருந்தால் அவர்கள். ஸ் மட்டும் இருந்தால் பெரும்பாலும் நீ. இந்த மூன்றையும் காதில் ஏற்றிவிட்டால் அட்டவணையில் பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

நிகழ்காலம் முழுதாக இதோ: தோமொ (நான்), தோமஸ் (நீ), தோம (அவன், அவள், அது, மரியாதை நீங்கள்), தொமாமொஸ் (நாங்கள், நாம்), தொமாய்ஸ் (ஸ்பெயினில் பலரைப் பார்த்து நீங்கள்), தோமன் (அவர்கள்). தமிழைப் போலவே விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் 'யோ தோமொ' என்று ஒவ்வொரு முறையும் நான், நான் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ' போடுவார்கள், கேட்கிறவருக்கு 'நான்தான்! நான்தான்!' என்று மார்தட்டுவது போல இருக்கும். 'குடிக்கிறேன்' என்று பேசிப் பழகிய நாம் அந்தத் தப்பைச் செய்யத் தேவையே இல்லை.

உங்களுக்கு மெக்சிகோ என்பதால் இன்னொன்று. அங்கே 'தோமஸ்?' என்று மொட்டையாகக் கேட்டால் காப்பியைக் கேட்பதாக அர்த்தமில்லை. நம்மூரில் 'அவர் குடிப்பாரா?' என்று மெதுவாகக் கேட்கிறோமே, அந்தக் குடி.

கேள்வி: ஆர், ஏர், ஈர் என்று மூன்று வகை வினைகள் என்கிறார்கள். மூன்றையும் தனித்தனியாகப் படிக்க வேண்டுமா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: இரண்டாகப் படித்தால் போதும். ஆர் ஒரு கட்சி. ஏர், ஈர் இரண்டும் கூட்டணி. கொமேர் (சாப்பிடுதல்), சுபீர் (ஏறுதல்) இரண்டுக்கும் நிகழ்காலத்தில் 'கோமொ, கோமெஸ், கோமெ', 'சூபொ, சூபெஸ், சூபெ' என்று ஒரே விகுதிகள். நாங்கள், நீங்கள் வரும்போது மட்டும் கொமேமொஸ், கொமேய்ஸ் என்றும் சுபீமொஸ், சுபீஸ் என்றும் பிரிகிறார்கள். இறந்தகாலங்களில் மறுபடி ஒட்டிக்கொள்வார்கள்: கொமீ, சுபீ, கொமீய, சுபீய. ஆர் வினைகள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம், மொழிக்குள் புதிதாக நுழைகிற வினைகளும் ஏறக்குறைய எல்லாம் அந்தக் கட்சியில்தான் சேருகின்றன. ட்விட்டரில் எழுதுவதற்குத் 'துயித்தெஆர்' என்று ஒரு வினை வந்து, 2014-இல் ஸ்பானிஷ் அகாடமியின் அகராதியிலும் ஏறிவிட்டது. அதுவும் ஒழுங்கான வினைதான். எனவே ஆரில் தொடங்குங்கள்.

கேள்வி: அழுத்தக் குறியைப் போடாவிட்டால் என்ன ஆகிவிடும்? வாட்ஸ்அப்பில் ஸ்பானியர்களே போடுவதில்லையே?
— வாசகர், சேலம்

பதில்: அவர்கள் போடாமல் எழுதினாலும் வாயில் சரியாகச் சொல்கிறார்கள், அதுதான் வித்தியாசம். தோமொ என்றால் குடிக்கிறேன். தொமோ என்றால் அவன் குடித்தான். ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. தோமெ என்றால் 'குடியுங்கள்', தொமே என்றால் 'குடித்தேன்'. தொமார என்றால் 'அவன் குடித்தால்' என்ற கற்பனை, தொமரா என்றால் 'குடிப்பான்'. குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பதைப் பால்குடி வயதிலேயே கற்ற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: ஸ்பானிஷில் உண்மையில் நெடில் இல்லை, அந்த அசையை ஓங்கிச் சொல்கிறார்கள், அவ்வளவே. நம் நெடில் அளவுக்கு இழுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு இறந்தகாலம் எதற்கு? 'தொமே', 'தொமாப' இரண்டுக்கும் ஆசிரியர் சொல்லும் விளக்கம், முதலாவது சட்டென்று முடிந்த செயல், இரண்டாவது நீண்ட நேரம் நடந்த செயல் என்பது. ஆனால் பயிற்சியில் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு எழுதினால் பாதி தப்பாகிறது.
— ஆசிரியப் பயிற்சி மாணவர், திருநெல்வேலி

பதில்: தப்பாகத்தான் செய்யும், ஏனென்றால் அந்த விதியே தப்பு. நேரத்தின் நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'மூன்று வருஷம் அந்த மருந்தைச் சாப்பிட்டேன்' என்பதை ஸ்பானிஷில் 'துரான்தெ த்ரேஸ் ஆஞொஸ் தொமே' என்று முதல் வகையில்தான் சொல்வார்கள். மூன்று வருஷம் சின்ன நேரமா? இல்லை. ஆனால் அதற்கு ஒரு வேலி போட்டாயிற்று: தொடங்கியது, முடிந்தது, மொத்தமாக வெளியிலிருந்து பார்க்கிறோம். அதுதான் ப்ரெட்டரிட்: தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாஸ்தெய்ஸ், தொமாரொன்.

இம்பர்ஃபெக்ட் அந்த வேலிக்குள் நின்று பேசுவது. எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பது பேச்சில் இல்லை. தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன். நானும் அவனும் ஒரே வடிவம் என்பதைக் கவனியுங்கள், குழப்பம் வரும் இடத்தில் மட்டும் 'யோ' போட்டுக்கொள்ளலாம்.

இதைத் தமிழில் எப்படிப் பிடிப்பது என்றால், நம்மிடம் இதற்கு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்று 'குடித்துக்கொண்டிருந்தேன்': காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், அப்போது அப்பா போன் செய்தார். 'தொமாப கஃபே குவான்தொ யமோ மி பாத்ரெ.' குடித்துக்கொண்டிருந்தது பின்னணி, அதனால் தொமாப. அப்பா அழைத்தது கதையை முன்னே நகர்த்துகிறது, அதனால் யமோ. இதை எல்லாப் புத்தகமும் சொல்லிவிடும்.

இரண்டாவதை ஆங்கிலப் புத்தகங்கள் இந்தக் கோணத்தில் சொல்லாது, ஏனென்றால் அது தமிழ் வினை வடிவத்தில் கண்ணில் படுகிற விஷயம். 'சின்ன வயதில் தாத்தா வீட்டுக்குப் போவோம், தினமும் பால் குடிப்பேன், பாட்டி கதை சொல்லுவாள்.' பாருங்கள், நடந்து முடிந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஆனால் வினை எல்லாம் எதிர்கால வடிவம்! போவோம், குடிப்பேன், சொல்லுவாள். பழக்கத்தைச் சொல்லும்போது நாம் இறந்தகாலத்தைக்கூட இப்படித்தான் சொல்கிறோம். இந்தப் 'பேன், போம், வாள்' பழைய நாட்களைப் பற்றி வந்தால், யோசிக்காமல் இம்பர்ஃபெக்டைப் போடுங்கள். தொமாப லேச்செ. குடிப்பேன், அந்தக் காலத்தில். அதே குடிப்பேன் நாளைக்கு என்று வந்தால் தொமரே. 'நான் காப்பி குடிப்பேன், டீ குடிக்க மாட்டேன்' என்று பொதுப் பழக்கமாக வந்தால் வெறும் தோமொ. ஒரு தமிழ் வடிவம் ஸ்பானிஷில் மூன்று இடங்களுக்குப் போகிறது. அகராதியில் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இங்கேதான் சறுக்கும்.

இன்னொரு நல்ல செய்தி: மொத்த ஸ்பானிஷ் மொழியிலும் இம்பர்ஃபெக்டில் ஒழுங்கு தவறுகிற வினைகள் மூன்றே மூன்று. சேர் (இருத்தல்), ஈர் (போதல்), வேர் (பார்த்தல்). மற்றவை அத்தனையும் ஆப அல்லது ஈய. ஒரு காலத்தைக் கற்றால் எல்லா வினைக்கும் கற்றதாக ஆகிற இடம் இதுதான், இதை ஏன் பல வகுப்புகளில் கடைசிக்குத் தள்ளுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

கேள்வி: என் மெக்சிகோ ஆசிரியை 'கொப்ரெத்தேரித்தொ' என்கிறார். ஸ்பெயினில் அச்சான புத்தகத்தில் 'இம்பெர்ஃபேக்தொ' என்று இருக்கிறது. இரண்டும் வேறா?
— வாசகி, சென்னை

பதில்: ஒன்றேதான், தொமாப. ஆந்த்ரெஸ் பேயோ என்ற வெனிசுவேலா அறிஞர் சிலியில் இருந்துகொண்டு 1847-இல் அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்காக ஓர் இலக்கணம் எழுதினார். 'கொப்ரெத்தேரித்தொ' அவர் வைத்த பெயர், மெக்சிகோ பள்ளிகள் இன்றும் அதைத்தான் சொல்கின்றன. கண்டிஷனலை ('இப்படி நடந்தால் குடிப்பேன்' என்று கற்பனையாகச் சொல்லும் வடிவம்) அவர்கள் 'பொஸ்ப்ரெத்தேரித்தொ' என்பார்கள், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'தொமாமொஸ்' நிகழ்காலமா, இறந்தகாலமா? இரண்டு அட்டவணையிலும் இருக்கிறது. அச்சுப் பிழையா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிழை இல்லை. இரண்டுக்கும் அதே வடிவம். நேற்று என்று இருந்தால் நேற்று. ஈர் வினைகளிலும் அப்படித்தான், சுபீமொஸ். ஏர் வினைகளில் மட்டும் கொமேமொஸ், கொமீமொஸ் என்று பிரியும். 'தொமாஸ்தெ' பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள், 'நீ' என்றால் கடைசியில் ஸ் வர வேண்டுமே என்று. ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கே அது உறுத்துகிறது, பேச்சில் பலர் 'தொமாஸ்தெஸ்' என்று ஒட்டிவிடுவார்கள். நீங்கள் தேர்வில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: 'தொமரே' என்றும் 'போய் அ தொமார்' என்றும் இரண்டு எதிர்காலம். எதைப் பயன்படுத்துவது?
— வங்கி ஊழியர், மதுரை

பதில்: பேச்சுக்கு இரண்டாவது. அது அப்படியே நம்முடைய 'குடிக்கப் போகிறேன்': போதல் என்ற வினையைத் திருப்பிக்கொண்டு, கூடவே குடிக்க என்ற முழு வினை. போய், பாஸ், பா, பாமொஸ், பாய்ஸ், பான், அதோடு 'அ தொமார்'. லத்தீன் அமெரிக்காவில் நாள் முழுக்க இதுதான் காதில் விழும். ஏற்கெனவே முடிவான விஷயம் என்றால் நிகழ்காலமே போதும்: 'மஞான தோமொ எல் த்ரேன்', நாளைக்கு ரயில் ஏறுகிறேன். இதுவும் நம் வழக்கம்தான். ஆனால் 'குடித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற வடிவத்தை ('எஸ்தோய் தொமாந்தொ') நாளைய திட்டத்துக்கு வைக்காதீர்கள். அது ஆங்கிலப் பழக்கம், ஸ்பானிஷில் அது இந்த நிமிஷத்துக்கு மட்டும்.

தொமரே எங்கே வருகிறது என்றால் எழுத்தில், வாக்குறுதியில், அப்புறம் முக்கியமாக ஊகத்தில். 'இந்நேரம் காப்பி குடிப்பான்' என்று நாம் ஊகமாகச் சொல்கிறோமே, 'வீட்டில்தான் இருப்பான்' என்கிறோமே, அதே வேலையை அவர்களும் எதிர்காலத்தை வைத்தே செய்கிறார்கள்: எஸ்தரா என் காச. இதை ஆங்கிலத்தில் யோசித்தால் தலை சுற்றும், தமிழில் யோசித்தால் ஒரு நிமிஷ வேலை.

இதன் விகுதிகள் எங்கிருந்து வந்தன என்பது ஒரு அழகான கதை. அபேர் என்று ஒரு துணைவினை உண்டு, அதன் நிகழ்காலம்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன். இதைத் தொமார் என்ற முழு வினையின் பின்னால் ஒட்டுங்கள். நம் எழுத்தில் எழுதும்போது மெய்யின்மேல் உயிர் ஏறுவது கண்ணாலேயே தெரியும்: தொமரே, தொமராஸ், தொமரா, தொமரேமொஸ், தொமரேய்ஸ், தொமரான். அபேய்ஸில் மட்டும் தலை உதிர்ந்துவிட்டது. 'குடிக்க இருக்கிறேன்' போன்ற ஒரு சேர்க்கைதான் இறுகி ஒரே சொல்லாகிவிட்டது. 1492-இல் ஸ்பானிஷுக்கு முதல் அச்சு இலக்கணம் எழுதிய நெப்ரீகா இதை அப்போதே கண்டுபிடித்து எழுதிவைத்துவிட்டார். இடைக்கால ஸ்பானிஷில் இந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சுட்டுப்பெயரைச் செருகவும் செய்தார்கள், அதாவது ஒட்டு அப்போது முழுதாகக் காயவில்லை.

அதே துணைவினையின் இம்பர்ஃபெக்ட் வாலை ஒட்டினால் கண்டிஷனல்: தொமரீய, தொமரீயஸ், தொமரீய, தொமரீயமொஸ், தொமரீயய்ஸ், தொமரீயன். இந்த இரண்டு காலத்துக்கும் மூன்று வகை வினைகளுக்கும் விகுதி ஒன்றே, கொமெரே, சுபிரே என்று வண்டி ஓடும்.

கேள்வி: 'ஏ தொமாதொ' என்பதற்கும் 'தொமே' என்பதற்கும் என்ன வித்தியாசம்?
— மேற்படிப்புக்கு ஸ்பெயின் செல்லவிருக்கும் மாணவர், புதுச்சேரி

பதில்: 'குடித்திருக்கிறேன்', 'குடித்தேன்'. கூட்டுக் காலங்கள் முழுதும் நம் 'இரு' துணைவினை மாதிரியே நடக்கின்றன: ஏ தொமாதொ குடித்திருக்கிறேன், அபீய தொமாதொ குடித்திருந்தேன், அப்ரே தொமாதொ குடித்திருப்பேன். கடைசியில் உள்ளது ஊகத்துக்கும் பயன்படும், 'மருந்து சாப்பிட்டிருப்பார்' என்பது போல. குடித்து என்பது மாறாமல் நிற்கிறது, இரு மட்டும் திரிகிறது. அங்கேயும் அதுவே.

ஸ்பெயின் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: அங்கே பெரும்பகுதியில், இன்று காலை குடித்த காப்பிக்கு 'ஏ தொமாதொ' என்பார்கள், நேற்றைய காப்பிக்கு 'தொமே'. அதாவது இன்று என்ற நாள் இன்னும் முடியவில்லை, அதனால். கடல் தாண்டி மெக்சிகோ, அர்ஜென்டினா பக்கம் போனால் காலையில் குடித்ததற்கும் 'தொமே'தான். நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் முதல் சில வாரம் உங்கள் காது முழிக்கும்.

'ஊபெ தொமாதொ' என்று ஒன்று அட்டவணையில் இருக்கும். பழைய நாவல்களில் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும், நீங்கள் சொல்ல வேண்டிய நாள் வராது.

கேள்வி: சப்ஜங்டிவ் என்றால் என்ன? தமிழில் இல்லாத ஒன்றை எப்படிப் புரிந்துகொள்வது?
— பள்ளி ஆசிரியை, ஈரோடு

பதில்: தமிழில் இல்லை என்று யார் சொன்னது? 'வாழ்க' என்ன? வியங்கோள் வினைமுற்று. யாரும் வாழ்கிறார் என்று செய்தி சொல்லவில்லை, வாழ வேண்டும் என்று மனம் சொல்கிறது. செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ அதிபர் தேசிய மாளிகையின் மாடத்தில் நின்று மணியடித்து 'வீவ மெஹிகொ!' என்று கூவுவார். அந்த வீவ, வாழ்தல் என்ற ஒழுங்கான வினையின் சப்ஜங்டிவ். ஸ்பெயினில் கல்யாண விருந்தில் 'வீவன் லொஸ் நோவியொஸ்!' என்று கத்துவார்கள், மணமக்கள் வாழ்க. நம் வாழ்க எல்லாருக்கும் ஒன்றே, அவர்களுடையது ஒருவருக்கு வீவ, பலருக்கு வீவன். வித்தியாசம் அவ்வளவுதான். அப்புறம் ஒன்று: நாம் வியங்கோளை மேடையிலும் மாலை போடும் இடத்திலும் வைத்துவிட்டோம், அவர்கள் அதை வீட்டுச் சமையலறை வரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

வடிவம் எளிது. உயிர்களை இடம் மாற்றுங்கள். ஆர் வினைக்கு எ, ஏர் ஈர் வினைகளுக்கு அ. தோமெ, தோமெஸ், தோமெ, தொமேமொஸ், தொமேய்ஸ், தோமென். கொமேருக்குக் கோம, சுபீருக்குச் சூப.

எப்போது என்பதுதான் கேள்வி. 'அவன் காப்பி குடிக்கிறான் என்று நினைக்கிறேன்' என்பதில் ஒரு தகவலை நீட்டுகிறீர்கள், எனவே சாதாரண வடிவம்: 'க்ரேஒ கெ தோம கஃபே'. 'அவன் காப்பி குடிக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை' என்னும்போது அந்தத் தகவலுக்கு நீங்கள் பொறுப்பேற்கவில்லை: 'நொ க்ரேஒ கெ தோமெ கஃபே'. ஓர் உயிரெழுத்தில் பொறுப்பைக் கைகழுவிவிடலாம், அரசியல்வாதிகளுக்கு ஏற்ற மொழி. 'நீ மருந்து சாப்பிடணும்' என்று அம்மா விரும்பினால் 'கியேரொ கெ தோமெஸ்'. அது இன்னும் நடக்கவில்லை, அம்மாவின் விருப்பத்தில் மட்டும் இருக்கிறது. ஆசை, சந்தேகம், மறுப்பு, வேண்டுகோள், 'நல்லதாகப் போயிற்று' போன்ற உணர்ச்சி, இவற்றுக்குப் பின்னால் 'கெ' (நம் 'என்று' போன்ற இணைப்புச் சொல்) வந்து ஆளும் மாறினால் சப்ஜங்டிவ். ஆள் மாறாவிட்டால் வேண்டாம்: நான் குடிக்க விரும்புகிறேன் என்பது 'கியேரொ தொமார்', முழு வினையே போதும். இதுவும் நம் 'குடிக்க' போலத்தான்.

பலர் கோட்டை விடும் இடம் 'குவான்தொ', அதாவது 'போது'. வழக்கமாகக் காப்பி குடிக்கும்போது என்றால் 'குவான்தொ தோமொ கஃபே'. நாளைக்குக் குடிக்கும்போது கூப்பிடுகிறேன் என்றால் 'குவான்தொ தோமெ கஃபே, தெ யாமொ'. நாளை இன்னும் வரவில்லை, எனவே சப்ஜங்டிவ். இங்கே எதிர்கால வடிவம் போடக்கூடாது, 'குவான்தொ தொமரே' என்று எழுதினால் தேர்வுத்தாளில் சிவப்பு வட்டம் நிச்சயம்.

சட்டப் புத்தகத்தில் மட்டும் வாழும் வடிவம் என்று முதலில் சொன்னேனே, அது எதிர்கால சப்ஜங்டிவ், தொமாரெ. ஸ்பெயினின் 1995-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தில் கொலையைப் பற்றிய 138-ஆம் பிரிவு, 'இன்னொருவரைக் கொல்பவர்' என்பதை 'மத்தாரெ' என்று இந்த வடிவத்தில்தான் சொல்கிறது. வக்கீல் ஆகப் போவதில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'குடித்தால்' என்பதற்கு எத்தனை வகை? 'சி' (நம் 'ஆல்') போட்டதும் எனக்குக் கை நடுங்குகிறது.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: மூன்று வகை. சிக்கல் என்னவென்றால் முதல் இரண்டையும் தமிழில் 'ஆல்' என்று ஒன்றாகவே சொல்கிறோம். 'காப்பி குடித்தால் தூக்கம் வராது', இது நடக்கக்கூடியது: 'சி தோமொ கஃபே', நிகழ்காலம். 'லாட்டரி விழுந்தால் வீடு வாங்குவேன்', இது கனவு: 'சி கனார ல லொதெரீய, கொம்ப்ரரீய ஊன காச'. டிசம்பர் 22-ஆம் தேதி கிறிஸ்துமஸ் லாட்டரி குலுக்கலுக்கு முன்னால் ஸ்பெயின் முழுக்க இந்த மாதிரி வாக்கியங்களில்தான் பேசும். சி இருக்கும் பக்கம் இறந்தகால சப்ஜங்டிவ், மறுபக்கம் கண்டிஷனல். மூன்றாவது, நடக்காமல் போனது: 'காப்பி குடித்திருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்', 'சி உபியேர தொமாதொ கஃபே, நொ அப்ரீய தொர்மீதொ'. 'திருந்தால்' வந்தாலே இது என்று பிடித்துக்கொள்ளலாம்.

சிக்குப் பின்னால் கண்டிஷனல் வரவே வராது, 'சி தொமரீய' தப்பு. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க், நவார்ரா, புர்கோஸ் பக்கம் மக்கள் அப்படிப் பேசுவதுண்டு, மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதும் உண்டு. சிக்குப் பின்னால் நிகழ்கால சப்ஜங்டிவும் ('சி தோமெ') வராது.

தொமார என்ற வடிவத்தைச் செய்ய ஒரு குறுக்குவழி இருக்கிறது, இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். 'அவர்கள் குடித்தார்கள்' தொமாரொன். கடைசி 'ரொன்'னை வெட்டி 'ர' வையுங்கள்: தொமார, தொமாரஸ், தொமார, தொமாரமொஸ், தொமாரய்ஸ், தொமாரன். ஒழுங்கற்ற வினைகளுக்கும் இந்த வழி ஒருபோதும் பொய்க்காது. தொமாசெ, தொமாசெஸ் என்று இன்னொரு தொகுதியும் புத்தகத்தில் இருக்கும். இங்கே பொருள் அதேதான், வாசித்தால் புரிந்தால் போதும், வாயில் ர வடிவத்தையே வையுங்கள், லத்தீன் அமெரிக்காவில் பேச்சில் அதுதான் ஓடுகிறது.

கேள்வி: நீ, நீங்கள், தாங்கள் போல ஸ்பானிஷில் எத்தனை? எதைப் படிப்பது?
— ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

பதில்: து (நீ), உஸ்தேத் (மரியாதை நீங்கள்). உஸ்தேத் பழைய 'தங்கள் பெருந்தன்மை' போன்ற ஒரு விளிப்பிலிருந்து தேய்ந்து வந்தது, அதனால்தான் வினை படர்க்கையில் வருகிறது: உஸ்தேத் தோம. பலர் என்றால் லத்தீன் அமெரிக்கா முழுதும் உஸ்தேதெஸ் தோமன். 'தொமாய்ஸ்' என்ற வடிவம் ஸ்பெயினில்தான், அங்கும் கனேரித் தீவுகளில் உஸ்தேதெஸ்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் கொலம்பியாவிலோ பெருவிலோ இருந்தால் அட்டவணையில் ஐந்தாவது வரியை அடித்துவிட்டுப் படியுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. அர்ஜென்டினா, உருகுவே என்றால் து இருக்காது, வோஸ் இருக்கும், நிகழ்காலத்தில் அழுத்தம் கடைசிக்கு நகரும்: 'தொமாஸ் மாத்தெ?' என்று கேட்டால் அவர்கள் ஊர் மாத்தே பானத்தை நீட்டுகிறார்கள் என்று அர்த்தம். கொமேஸ், சுபீஸ். வியாபாரக் கடிதத்துக்கு உஸ்தேத் எங்கும் பாதுகாப்பு.

கேள்வி: 'புஸ்கார்' (தேடுதல்) ஒழுங்கான வினை என்கிறார்கள். ஆனால் 'தேடினேன்' என்று எழுதும்போது எழுத்து மாறுகிறதே?
— பத்தாம் வகுப்பு மாணவன், வேலூர்

பதில்: எழுத்துதான் மாறுகிறது தம்பி, ஒலி மாறவில்லை. புஸ்கே என்று ககரம் அப்படியே இருக்கிறது. 'சி' என்ற எழுத்து எ, இ முன்னால் வந்தால் ஸகரமாகிவிடும், அதைத் தடுக்கத்தான் அங்கே 'க்யூ', 'யூ' எழுதுகிறார்கள். பகார் (பணம் கொடுத்தல்) பகே ஆகும்போது 'ஜி'க்குப் பின் ஒரு 'யூ' சேர்வதும் இதே காரணம். காதால் கேட்டால் இரண்டும் முழு ஒழுங்கு.

கேள்வி: கட்டளையிட எந்த வடிவம்? 'குடி', 'குடிக்காதே' இரண்டுக்கும் வேறு வேறு சொல்கிறார்களே?
— வாசகர், காரைக்குடி

பதில்: நம்மிடமும் வேறு வேறுதானே, குடிக்கும் குடிக்காதேக்கும் வால் ஒன்றா? குடி: 'தோம', அதாவது 'அவன் குடிக்கிறான்' என்ற அதே வடிவம். குடிக்காதே: 'நொ தோமெஸ்', இது சப்ஜங்டிவ். குடியுங்கள்: தோமெ, பலருக்குத் தோமென். மரியாதை வந்துவிட்டால் ஆமாம், இல்லை இரண்டுக்குமே சப்ஜங்டிவ்தான்: நொ தோமெ, நொ தோமென். வாருங்கள் குடிப்போம்: தொமேமொஸ். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துத் தொமாத், அர்ஜென்டினாவில் ஒருவரைப் பார்த்துத் தொமா. அதைக் குடி என்று சுட்டுப்பெயர் சேர்த்தால் பின்னால் ஒட்டிக்கொள்ளும், 'தோமலொ'. வேண்டாம் என்றால் முன்னால் வந்துவிடும், 'நொ லொ தோமெஸ்'. கட்டளை வடிவம் உட்பட ஒரு வினையின் எல்லாத் திரிபுகளும் ஸ்பானிஷ் அகாடமியின் இணைய அகராதியில் இலவசமாகக் கிடைக்கின்றன, சந்தேகம் வந்தால் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.